நாலு மணிக்கு என்ன செய்வது?

இடம் பரளச்சி, திருச்சுழி வட்டத்துக் கரிசல் ஊர். பேசுகிறவர்கள் இருவர். ஒருவர் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். மற்றவர் அவரிடம் படித்த பெண். நகை, பூ, சினிமா, மருந்து எல்லாவற்றையும் விலக்கிய ஒரு ஜெபக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்து, அண்மையில் அதை விட்டு வெளியே வந்தவர். தாயார் இன்னும் அந்தச் சபையில்தான் இருக்கிறார். மதத்தை விட்டவர்களின் கதை எழுதப்படும்போதெல்லாம் வாசலைத் தாண்டியதோடு நின்றுவிடுகிறது. மறுநாள் விடியற்காலையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பார் குறைவு. எனக்கு அந்த விடியற்காலைதான் முக்கியமாகப் படுகிறது.

மாணவி: ஐயா, சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஆனால் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்ததும் வாயில் ஸ்தோத்திரம் வருகிறது. சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அப்புறம் விடிகிற வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆசிரியர்: நாக்கை ஏன் கடிக்க வேண்டும்?

மாணவி: நம்பாததைச் சொன்னால் பொய் இல்லையா?

ஆசிரியர்: பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், தாயி. வந்தால் வரட்டும். அதை விரட்டவே ஒரு நியமம் வைத்துக்கொண்டாயானால், உன் காலைப் பொழுது இன்னமும் அந்தச் சபையின் கையில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

மாணவி: எனக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மாதிரி விளக்கேற்றிப் பார்ப்போமே என்று தீப்பெட்டியை எடுத்தேன். கை நடுங்கிவிட்டது. விக்கிரக ஆராதனை என்று சின்ன வயதில் ஏற்றிவிட்ட பயம்.

ஆசிரியர்: அப்படியானால் இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். உன் தைரியத்தை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. முதலில் இதைச் சொல். அந்த நாலு மணி ஜெபத்தில் உனக்கு எது பிடித்திருந்தது?

மாணவி: பிடித்ததைச் சொன்னால் திரும்பப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆசிரியர்: போக வேண்டும் என்று தோன்றினால் போ. நான் தடுக்க மாட்டேன். இப்போது சொல்.

மாணவி: இருட்டிலே முதல் பாட்டு. யார் முகமும் தெரியாது, குரல் மட்டும் சேரும். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள், ஊர்க் கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள், அங்கே எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். சத்தமாக அழுவார்கள். ஒருத்தி அழுதால் பக்கத்தில் இருப்பவள் முதுகைத் தடவிக்கொடுப்பாள். அப்புறம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. பன்னிரண்டு அடித்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கும்.

ஆசிரியர்: பிடிக்காதது?

மாணவி: ஒரு நாள் தூங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்க வயிற்றைக் கலக்கும். பஸ் தவறினால் அதனால்தான், மில்லில் கணக்கு உதைத்தால் அதனால்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துப் போட்டுவந்தாள். தெரிந்தபோது விசுவாசக் குறைச்சல் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அவள் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். மாத்திரை போட்டதற்கு! நான் அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவள்தான். இப்போது எனக்குப் பெயர் பின்மாற்றக்காரி.

ஆசிரியர்: நீ சொன்னதிலேயே உரைகல் இருக்கிறது. ஒரு சடங்கு உனக்கு ஆகுமா என்று பார்க்க, அதைச் செய்யும்போது மனம் எப்படி இருக்கிறது என்று பார்க்காதே. எல்லாச் சடங்கும் செய்யும்போது நன்றாகத்தான் இருக்கும். தவறவிட்ட நாளில் என்ன ஆகிறது என்று பார். ஏதோ குறைகிறதே என்று தோன்றினால் சரி. யாரோ தண்டிக்கப் போகிறார்கள் என்று தோன்றினால், அதை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் நிறுத்திவிடு.

மாணவி: நானே உண்டாக்கினால் அது சடங்காகுமா ஐயா? பெரியவர்கள் தந்தால்தானே அதற்கு ஒரு பலம். நாமே செய்துகொள்வது பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்குகிற மாதிரி இருக்கிறது.

ஆசிரியர்: நீ கேட்கிற இந்தக் கேள்வி ஒரு முறை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அது நம் சீமையிலிருந்துதான் கிளம்பியது. அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தம் தெரியுமில்லையா? 1928 மே 28 அன்று அந்தக் கிராமத்தில் பெரியார் ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்தார். சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள். புரோகிதர் கிடையாது, ஓமம் கிடையாது, புரியாத மந்திரம் கிடையாது. பட்டணத்துப் படிப்பாளிகள் தொடங்கியது என்றுதான் நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் தொடங்கியது அது.

மாணவி: அங்கே போயும் யாரோ ஒருவர் தலைமை தாங்கினார் இல்லையா? பாஸ்டருக்குப் பதில் தலைவர்.

ஆசிரியர்: சரியாகப் பிடித்தாய். அதை நானும் மறுக்கப் போவதில்லை. நான் பார்த்த சில கல்யாணங்களில் மணமக்கள் மாலையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க, மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அதன் நடுவில் இருந்த காரியத்தைப் பார். இரண்டு பேர் தங்களுக்குப் புரிகிற மொழியில், தங்கள் வாயால், நான் உன்னை ஏற்கிறேன் என்று சொன்னார்கள். கைம்பெண் சொன்னாள், சாதி மாறிக் கட்டியவர்கள் சொன்னார்கள். வேறொருவர் தங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிடுங்கித் தாங்களே சொன்னார்கள்.

மாணவி: நீதிமன்றத்தில் என்ன ஆயிற்று?

ஆசிரியர்: 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. சாத்திரப்படியான சடங்கு இல்லை, சரி, வழக்கம் என்று காட்டலாமா என்றால், வழக்கம் என்பது தொன்றுதொட்டு வர வேண்டும், நேற்று முளைத்ததை வழக்கம் என்று சொல்ல முடியாது என்றார்கள். நீ கூட்டாஞ்சோறு என்றாயே, அதையே சட்ட மொழியில் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பால் எத்தனை பெண்கள் திடீரென்று மனைவி இல்லாமல் போனார்கள், எத்தனை பிள்ளைகளின் பெயர் கேள்வியானது என்று நினைத்துப் பார். அண்ணா முதல்வராக வந்த 1967இல் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்று எழுதினார்கள். இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும், அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால் போதும், அல்லது தாலி கட்டினால் போதும். பழையது என்பதால் மட்டும் ஒரு சடங்குக்குப் பலம் வருவதில்லை என்று நாற்பது வருஷம் அடம்பிடித்து நிலைநாட்டினார்கள், தாயி.

மாணவி: அவர்களுக்காவது சாட்சிக்கு ஊர் இருந்தது. நாலு மணிக்கு எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர்: அதற்கும் பதில் வந்திருக்கிறது. இந்தக் கல்யாணம் ஊரறிய நடக்க வேண்டுமா என்ற வழக்கில், வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்குப் பயந்து ஓடி வந்த இரண்டு பேரிடம் ஊரைக் கூட்டிவா என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? உன் நிலைமையும் அதுதான். ஊர் சேருகிறபோது சேரட்டும்.

மாணவி: நீங்கள் பெரியாரைச் சொல்கிறீர்கள். திருச்சுழிக்காரர்கள் ரமணரைச் சொல்வார்கள்.

ஆசிரியர்: சொல்லட்டும், நானும் சொல்கிறேன். 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் 1896 செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அன்றைக்கே தலையை மழித்து, கையில் மிஞ்சின காசையும் பூணூலையும் ஐயன்குளத்துப் பக்கம் எறிந்துவிட்டார். மழித்தபின் முழுக வேண்டும் என்ற முறையையும் அவர் பார்க்கவில்லை. பூணூலை அப்புறம் அவர் போடவே இல்லை. ஆனால் பிற்காலத்தில் ஆசிரமத்தில், உன்னைப் போலவே இருட்டோடு எழுந்து அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். மலையைச் சுற்றி நடந்தார். பேப்பர் படித்தார். எனக்கு அந்தக் காய் நறுக்கல் பெரிதாகப் படுகிறது. அவருடைய நாளுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. அந்த ஒழுங்கால் இன்னொருவர் பசியும் ஆறியது.

மாணவி: ஆனால் அங்கே இன்றைக்கு வேத பாராயணம் நடக்கிறது, அவர் தாயார் சமாதியில் கோயில் இருக்கிறது.

ஆசிரியர்: அவர் காலத்திலேயே அதெல்லாம் வந்துவிட்டது. கோயில் குடமுழுக்கு 1949இல், அவர் உயிரோடு இருக்கும்போதே நடந்தது. வடலூரைப் பார். வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்தார். ஏழு திரை, அதற்கு அப்பால் ஒளி. உருவம் கிடையாது. அடுத்த வருஷம் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிப் பேசியபோது, தனக்கே ஒரு காலத்தில் சைவத்தில் இருந்த பற்றை விட்டுவிட்டதாகச் சொன்னார். அப்படிப்பட்டவர் கட்டிய சபைக்குள்ளே பின்னால் லிங்க பூசை நுழைந்தது. 2006இல் அறநிலையத்துறை உத்தரவு போட்டுத்தான் அது நின்றது, வழக்கும் நடந்தது. ஆனால் 1867இல் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு மட்டும் இன்று வரைக்கும் எரிகிறது. வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். எது திரிந்தது, எது திரியவில்லை என்று நீயே பார்த்துக்கொள்.

மாணவி: அடுப்பில் திரிக்க ஒன்றும் இல்லை என்கிறீர்களா?

ஆசிரியர்: பசித்தவன் வந்து சாப்பிட்டானா என்று பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் ஏமாற்றுவது கஷ்டம். அகஸ்ட் காம்ட் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். கத்தோலிக்கத்தை விட்டு வெளியே வந்தவர், மனிதகுல மதம் என்று முழுசாக ஒன்றை வகுத்தார். மாதம் பதின்மூன்று, நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் பெயர், பூசாரிகள், ஞானஸ்நானம் போல ஒன்று. விட்டு வந்த வீட்டையே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டிவிட்டார். உனக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு மூன்று காரியம் போதும். எங்கே தொடங்கலாம்?

மாணவி: சாப்பாட்டில். ஜெபிக்காமல் கை வைத்தால் திருட்டுச் சோறு தின்கிற மாதிரி இருக்கிறது. யாருக்கு நன்றி சொல்வது?

ஆசிரியர்: நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?

மாணவி: கம்மங்கூழ். மோர் மிளகாய்.

ஆசிரியர்: கம்பு யார் கொடுத்தது?

மாணவி: மேலத்தெருப் பெரியம்மா. கூலிக்குப் போன இடத்தில் கிடைத்ததில் ஒரு படி தந்தாள். மிளகாய் அம்மா போட்டு வைத்தது.

ஆசிரியர்: அந்த இரண்டு பேரையும் மனத்தில் சொல்லிவிட்டுச் சாப்பிடு. பெரியம்மாவுக்கு ஏதாவது தேவை இருக்கிறதா என்ற நினைப்பும் கூடவே வரும். வர வேண்டும்.

மாணவி: பாவ அறிக்கை? அது இல்லாமல் பாரமாக இருக்கிறது. ராத்திரி ஒரு நோட்டில் அன்றைக்குச் செய்த தப்பையெல்லாம் எழுதலாமா?

ஆசிரியர்: ரோமாபுரியில் செனெக்கா அப்படித்தான் செய்தார். விளக்கை எடுத்துச் சென்றபின், மனைவியும் பேச்சை நிறுத்தியபின், அன்றைய நாளை ஒன்றுவிடாமல் விசாரித்துப் பார்ப்பேன் என்று கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் சொல்கிறார். நல்ல பழக்கம். ஆனால் உனக்கு இப்போது சொல்ல மாட்டேன்.

மாணவி: ஏன்?

ஆசிரியர்: அவர் விசாரித்துவிட்டுத் தன்னை மன்னித்துவிட்டுத் தூங்கினார். உனக்கு மன்னிக்கத் தெரியாது. உன்னை விசாரிக்க உட்கார்கிறவர் அந்தப் பழைய நீதிபதியாகத்தான் இருப்பார். நோட்டு நிறையும், பாரம் குறையாது. நாளைக்குப் போய்ச் சரிசெய்யக்கூடிய ஒன்றை மட்டும் எழுது. ஒன்றே ஒன்று. அப்படி ஏதாவது இருக்கிறதா?

மாணவி: இருக்கிறது. பெருநாழி அத்தை. சின்ன வயதில் பொங்கலுக்குப் போயிருந்தபோது தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று தட்டை எல்லார் முன்னாலும் தள்ளிவிட்டேன். சோறு தரையில் கொட்டிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து கையால் வழித்து எடுத்தாள். அத்தை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. சபையில் அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

ஆசிரியர்: இத்தனை வருஷமாக எத்தனை பாவ அறிக்கை செய்திருப்பாய். அத்தைக்கு அதில் ஒன்றாவது கேட்டிருக்குமா?

மாணவி: இல்லை.

ஆசிரியர்: அப்படியானால் நோட்டை மூடிவிட்டு பஸ் ஏறு. அத்தை மன்னிப்பாளா மாட்டாளா என்பது அவள் பாடு.

மாணவி: நீங்கள் சொல்வதைச் செய்யாவிட்டால்? அங்கேயும் ஐயா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஆசிரியர்: செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?

மாணவி: ஒன்றும் நடக்காது. அடுத்த வாரமும் டீ போட்டுக் கொடுப்பீர்கள்.

ஆசிரியர்: அது மாறினால் அன்றைக்கே இங்கே வருவதை நிறுத்திவிடு. வாக்குத்தத்த அட்டை என்றாயே, அதை விட்டுவிடாதே. நல்ல காரியம் அது. வருஷக் கடைசியில் நீயே ஓர் அட்டை எழுது. முன்னாலெல்லாம் அது உனக்கு வந்த வாக்கு. இப்போது நீ கொடுக்கிற வாக்கு. உனக்குப் புரிகிற, செய்து முடிக்கக்கூடிய ஒரு வரி. சத்தமாக வாசி. அடுத்த வருஷம் பொருந்தாவிட்டால் திருத்து. பழைய அட்டையில் நீ ஓர் எழுத்தைத் திருத்தியிருக்க முடியுமா?

மாணவி: ஐயா, இன்னொன்று. அப்பா. எங்கள் சபையில் நினைவு நாள் கிடையாது. அழக்கூடக் கூடாது, கர்த்தருக்குள் நித்திரை என்பார்கள். திதி கொடுக்கவும் எனக்கு வராது. படத்துக்கு மாலை போட, அவர் படமே எடுத்துக்கொண்டதில்லை.

ஆசிரியர்: அவரைப் பற்றி நினைத்தால் எது முதலில் வருகிறது?

மாணவி: கரி மூட்டம். சீமைக்கருவேலைத் தூரைத் தோண்டி, கட்டையை அளவாக வெட்டி, வட்டமாக அடுக்குவார். மேலே வைக்கோல், அதன் மேல் ஈரமண் பூச்சு. தீ வைத்துவிட்டால் நாள் கணக்கில் புகையும். முதலில் வெள்ளையாக, கனமாக வரும், கட்டை ஈரத்தைக் கக்கும் புகை. அது மெலிந்து நீலம் பாரித்தால் கரி ஆகி வருகிறது என்பார். ராத்திரிதான் ஆபத்து. மண் பூச்சில் எங்காவது வெடிப்பு விட்டால் காற்று உள்ளே போய்விடும். காலையில் பார்த்தால் கரி இருக்காது, சாம்பல் இருக்கும். அதனால் தூங்காமல் சுற்றிச் சுற்றி வருவார். வெடிப்பில் செந்தணல் தெரிந்தால் ஈரமண்ணை அள்ளி அறைவார். நடுநடுவே சாக்கை விரித்து முழங்காலில் நிற்பார். நான் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கண் மூடி ஜெபித்துக்கொண்டே, ஏ புள்ளே, கிழக்காமே புகை பாரு என்பார். மூக்காலேயே கண்டுபிடிப்பார்.

ஆசிரியர்: இப்போது அந்தத் தொழில் வீட்டில் யார் செய்கிறார்கள்?

மாணவி: சித்தப்பா. கண்மாய்க்கு அந்தப் பக்கம் மூட்டம் போடுகிறார்.

ஆசிரியர்: என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?

மாணவி: அப்பா இறந்த மாதத்தில் ஒரு ராத்திரி சித்தப்பாவைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் காவல் இருக்கலாம்.

ஆசிரியர்: இரு. சும்மா உட்கார்ந்து நினைத்துக்கொண்டு இருக்காதே. மண்ணைக் குழைத்து வைத்துக்கொள். சித்தப்பாவின் பிழைப்பு அது, நீ கண் அசந்தால் அவருக்கு நஷ்டம்.

மாணவி: தெரியும். எனக்கு வேண்டியதும் அதுதான். நான் விழித்திருப்பதால் ஏதாவது ஒன்று கெடாமல் இருக்க வேண்டும். நாலு மணி ஜெபத்திலும் அப்படித்தான் நினைத்தேன், ஊரே எங்கள் ஜெபத்தால்தான் நிற்கிறது என்று. அது நிஜமா என்று பார்க்க வழியே இல்லை. மூட்டத்தில் காலையில் தெரிந்துவிடும்.

ஆசிரியர்: இதை நான் உனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

மாணவி: அம்மாவுக்கு என்ன செய்வது? இப்போதும் நாலு மணிக்கு எழுந்து பக்கத்து அறையில் ஜெபிக்கிறாள். என் பெயரைச் சொல்லி அழுகிறாள். கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆசிரியர்: போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடேன். ஆமென் சொல்ல வேண்டாம். பக்கத்தில் மட்டும் இரு.

மாணவி: முடியாது ஐயா.

ஆசிரியர்: அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

மாணவி: நான் உட்கார்ந்தால் ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைப்பாள். அடுத்த வாரம் சபைக்கு வா என்பாள். மாட்டேன் என்றால் இரண்டாவது தடவை உடைந்துபோவாள். அந்தப் பொய்யை அவளுக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு முழங்காலும் தானாகவே மடிந்துவிடும். அதுதான் இன்னும் பயம்.

ஆசிரியர்: நான் அவசரப்பட்டுவிட்டேன். நீ சொல்வதுதான் சரி. உட்காராதே.

மாணவி: வேறு ஒன்று யோசித்திருக்கிறேன். எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறேன். அவள் முடிக்க ஐந்தாகும். அதற்குள் கூழைக் கரைத்து, வெந்நீர் போட்டு, அவள் சாப்பிட்டதும் மாத்திரையை அவள் கையில் வைக்கிறேன். ஒளித்து இல்லை, விளக்கு வெளிச்சத்தில். அவள் ஸ்தோத்திரம் சொல்லி விழுங்கினால் சொல்லட்டும்.

ஆசிரியர்: வாங்கிக்கொள்வாளா?

மாணவி: முதல் நாள் மாட்டாள். மறுநாளும் வைப்பேன். ஐயா, பெருநாழிக்கு ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு பஸ்?

ஆசிரியர்: நேரம் எனக்குச் சரியாகத் தெரியாது. டீக்கடையில் கேள். அத்தைக்கு என்ன வாங்கிப் போகப் போகிறாய்?

மாணவி: வெல்லமும் பச்சரிசியும். அங்கே போய்ப் பொங்கல் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.